புரோஸ்டேட் ஒப்பரேஷன்: எதை வெட்டுவது, எதை விடுவது என்ற கோட்டை யார் கீறுவது?

வன்னியிலிருந்து சிகிச்சைக்காகக் கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் உறவினர் வீட்டில் தங்கியிருந்த ஒருவருக்கு மொழிபெயர்ப்பாளராகப் போனேன். அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். வயது 56. யுத்தத்தின் கடைசி மாதங்களில் மனைவியையும் பிள்ளைகளையும் பறிகொடுத்தவர். நீண்டகாலம் தனியாக இருந்துவிட்டு, சில வருடங்களுக்கு முன்னர்தான் மறுமணம் செய்தார். மனைவி அவரைவிட வயதில் நன்றாகக் குறைந்தவர். பிள்ளை ஒன்று வேண்டும் என்ற எண்ணம் இருவருக்கும் இருந்தது. அதை அவர் என்னிடம் அப்போது சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சலம் போவதில் பிரச்சினை. இரவில் ஐந்தாறு தடவை எழும்ப வேண்டும். முக்கி முக்கி நின்றாலும் சொட்டுச் சொட்டாகத்தான் போகும். ஒருநாள் முழுதாக அடைத்துக்கொண்டது, ரியூப் போட்டார்கள். பிறகு ஒப்பரேஷன் என்று தீர்மானமானது. சத்திரசிகிச்சை நிபுணர் ஆங்கிலத்தில் விளக்கினார். அவசரப்படாமல், மரியாதையாகத்தான் விளக்கினார். அதில் ஒரு வசனம், இந்த ஒப்பரேஷனுக்குப் பிறகு விந்து வெளியே வராமல் போகலாம், அநேகமாக வராது என்பது. அந்த இடத்தில் நான் தடுமாறினேன். என்னைவிட இருபது வயது மூத்தவர், பக்கத்தில் அவருடைய மனைவி, கதவோரம் தாதி. "சின்னச் சின்னப் பக்கவிளைவு வருமாம் அண்ணை, பயப்பிட ஒண்டுமில்லையாம்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு மாதம் கழித்து, கிளினிக்குக்கு வந்த நாளில், வெள்ளவத்தை ஸ்ரேஷனுக்குப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடையில் வைத்துக் கேட்டார்: "தம்பி, இப்ப சலம் நல்லாப் போகுது. ஆனா மற்றது ஒண்டும் வெளியில வருதில்லை. இது நாள் போகச் சரிவருமோ?"

அன்றிலிருந்து இந்த விடயத்தைத் தேடித் தேடி வாசித்தேன். நான் டொக்டர் அல்ல. ஆனால் அன்றைக்கு நான் விழுங்கிய வசனத்தைத் தமிழில் எப்படிச் சொல்லியிருக்கலாம் என்பதையாவது எழுதிவைக்க வேண்டும் போல் இருந்தது. தேடிப் போன இடத்தில் இன்னொன்றும் தெரியவந்தது. எதை வெட்டுவது, எதை விடுவது என்ற கோட்டை அல்ட்ராசவுண்ட் படத்தைப் பார்த்து ஒரு மென்பொருளே கீறிக்கொடுக்கும் காலம் வந்துவிட்டது. அந்தக் கோட்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் உறுப்பைச் சொல்லிவிடுகிறேன். புரோஸ்டேட் சுரப்பி ஆண்களுக்கு மட்டும் உள்ளது. சலப்பைக்கு நேர் கீழே, மலவாசலுக்கு முன்பக்கமாக, சலம் வரும் குழாயைச் சுற்றி வளையம்போல் இருக்கிறது. இளவயதில் 20 மில்லிலீற்றர் அளவு, ஒரு பெரிய பாக்கு அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். விந்தில் கலக்கும் திரவத்தின் ஒரு பகுதியைச் சுரப்பது அதன் வேலை. நாற்பது, ஐம்பது வயதுக்குப் பிறகு குழாயை ஒட்டிய உட்பகுதி மெல்ல வளரத் தொடங்குகிறது. ஐம்பதுகளில் உள்ள ஆண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கும், எண்பது தாண்டியவர்களில் பெரும்பாலானோருக்கும் இந்த வளர்ச்சி இருக்கும். இது புற்றுநோய் அல்ல. எல்லோருக்கும் தொல்லை தருவதும் இல்லை. வளர்ச்சி உள்நோக்கி நெருக்கும்போதுதான் குழாய் நசிந்து சலம் தடைப்படுகிறது.

மருந்துக்கு அடங்காவிட்டால் நெருக்கும் திசுவை அகற்ற வேண்டும். நமது அரச வைத்தியசாலைகளில் வழக்கமாகச் செய்யப்படுவது ரி.யூ.ஆர்.பி. என்ற முறை. வயிற்றைக் கீறுவதில்லை. சலம் வரும் துவாரத்தின் வழியாகவே கமரா பொருத்திய குழாயைச் செலுத்தி, மின்சாரம் பாயும் சிறிய கம்பி வளையத்தால் உள்ளிருந்து திசுவைச் சீவிச் சீவி எடுப்பார்கள். இந்த முறை 1920களிலும் 30களிலும் அமெரிக்காவில் உருவானது. இன்றும் மற்ற எல்லா முறைகளும் இதனோடு வைத்துத்தான் ஒப்பிடப்படுகின்றன. அண்ணைக்குச் செய்ததும் இதுதான். சலப் பிரச்சினையைத் தீர்ப்பதில் இது கைகண்ட சிகிச்சை. அதில் எனக்குச் சந்தேகமில்லை, அவருக்கும் இல்லை.

இதில் உள்ள சிக்கல் வேறு. கமரா உட்சுவரைத்தான் காட்டும். சுவருக்குப் பின்னால் திசு எவ்வளவு தடிப்பாக இருக்கிறது, சுரப்பியின் வெளி ஓடு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைக் காட்டாது. ஊரில் ஒரு கிணற்றை உள்ளே இறங்கி நின்று அகலப்படுத்துவதை யோசித்துப் பாருங்கள். உள்ளே நிற்பவருக்கு முன்னால் இருக்கும் மண் தெரியும். பக்கத்துக் காணியின் வேலி எத்தனை முழம் தள்ளி இருக்கிறது என்பது அனுபவத்தால் வரும் கணிப்பு. நல்ல சத்திரசிகிச்சை நிபுணருக்கு அந்தக் கணிப்பு கையிலேயே இருக்கும். ஆனால் கைக்குக் கை அது மாறும்.

அந்த வேலிக்கு இந்தப் பக்கம் காப்பாற்ற வேண்டிய இடங்கள் சில இருக்கின்றன. சுரப்பியின் அடிப்பக்கத்தில், குழாயின் தரையில், ஒரு சிறிய மேடு உண்டு. விந்து வரும் நாளங்கள் அந்த மேட்டில்தான் வந்து திறக்கின்றன. மேட்டுக்குக் கீழே, சலத்தை அடக்கிவைக்கும் தசை வளையம் இருக்கிறது. அதில் கைவைத்தால் சலம் அடங்காமல் ஒழுகும். அதனால் அந்த மேட்டை எல்லைக்கல்லாக வைத்து அதற்குக் கீழே போகாமல் வெட்டுவார்கள். மேட்டுக்கு மேலே சுற்றியுள்ள திசுவையும் சலப்பையின் கழுத்தையும் அகற்றினால் விந்து வெளியே வராமல் பின்னோக்கிச் சலப்பைக்குள் போகிறது, பிறகு சலத்தோடு கழிந்துவிடுகிறது. முன்னர் சலப்பைக் கழுத்துத்தான் இதற்குக் காரணம் என்று நினைத்தார்கள். இப்போது மேட்டைச் சுற்றியுள்ள திசுவுக்கே கூடுதல் பங்கு என்று கருதப்படுகிறது. உடலுறவு கொள்ள முடியாமல் போவதில்லை, சுகமும் பெரும்பாலும் குறைவதில்லை, உயிருக்கு ஆபத்தும் இல்லை. ஆனால் இயற்கையாகப் பிள்ளை பெறும் வாய்ப்பு அநேகமாகப் போய்விடும். நான் மொழிபெயர்க்காமல் விட்ட வசனத்தின் முழு அர்த்தம் இதுதான்.

சுவருக்குப் பின்னால் உள்ளதைப் பார்க்கத்தான் அல்ட்ராசவுண்ட் வருகிறது. மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியை உடம்புக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை அளந்து படமாக்குகிறார்கள். உடற்திசுவில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1,540 மீற்றர் வேகத்தில் போகும் என்று இயந்திரம் எடுத்துக்கொள்கிறது. எதிரொலி வர எடுத்த நேரத்தை வைத்துத் தூரம் கணக்கிடப்படுகிறது. புரோஸ்டேட்டைப் பார்ப்பதற்கு இரண்டு வழிகள். ஒன்று அடிவயிற்றில் ஜெல் பூசிப் பார்ப்பது. மற்றது விரலளவு கருவியை மலவாசல் வழியாகச் செலுத்திப் பார்ப்பது. சுரப்பி மலக்குடலை ஒட்டி இருப்பதால் இரண்டாவது வழியில் படம் மிகத் தெளிவாக வரும். 1960களின் இறுதியில் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் ஜப்பானிய மருத்துவர் ஹிரோக்கி வத்தனபே.

காலி வீதியில் ஸ்கான் எடுத்துவிட்டு பொலித்தீன் பையோடு வரும் நம்மவர்கள் எல்லோருடைய ரிப்போட்டிலும் மூன்று அளவுகள் இருக்கும்: நீளம், அகலம், உயரம். உதாரணமாக 5.0, 4.6, 4.4 சென்ரிமீற்றர். மூன்றையும் பெருக்கி 0.52ஆல் பெருக்கினால் 52.6 மில்லிலீற்றர் வரும். சுரப்பி முட்டை வடிவம் என்று வைத்துப் போடும் கணக்கு இது. இதில் ஓர் அளவை அரைச் சென்ரிமீற்றர் கூட்டிப் பிடித்தாலே, அதாவது 4.4ஐ 4.9 என்று எடுத்தாலே, விடை 58.6 ஆகிவிடும். ஒரே ஆள், ஒரே நாள், இரண்டு ஸ்கான் நிலையத்தில் இரண்டு இலக்கம் வந்தால் பதறத் தேவையில்லை என்பதற்காகச் சொல்கிறேன். இன்னொரு இலக்கமும் முக்கியம்: சலம் போன பிறகு சலப்பையில் மிஞ்சியிருக்கும் அளவு. எந்த முறையில் ஒப்பரேஷன் என்று தீர்மானிக்கும்போது சுரப்பியின் கனவளவு பெரிய பங்கு வகிக்கும். சிகிச்சை தேவையா என்பதற்கு மிஞ்சும் சலமும் நீங்கள் படும் பாடும்தான் கூடுதலாகப் பேசும்.

நம்மவர்களுக்கு அல்ட்ராசவுண்டில் இன்னொரு தனி நன்மை இருக்கிறது. யுத்தத்தில் பட்ட ஷெல் துண்டுகளோடு வாழும் ஆண்கள் எத்தனையோ பேர். "உடம்பில பீஸ் இருக்கு" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். எம்.ஆர்.ஐ. இயந்திரம் பெரிய காந்தம். இரும்பு கலந்த துண்டு உடம்பில் இருந்தால் அது அசையலாம், சூடாகலாம். துண்டின் வகையையும் இருக்கும் இடத்தையும் எக்ஸ்ரேயில் பார்த்த பிறகுதான் எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று தீர்மானிப்பார்கள். ஒலிக்கு அந்தச் சிக்கல் இல்லை. துண்டு படத்தில் பளிச்சென்று தெரிந்து தன் பின்னால் உள்ள பகுதியைக் குழப்பும், அவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்லாமல் விட்டால், படம் பார்ப்பவர் அந்தப் பளிச்சை வேறு எதாகவும் எடுக்கலாம். எனவே எந்த ஸ்கானாக இருந்தாலும் கட்டிலில் ஏறுவதற்கு முன்பே துண்டு இருப்பதைச் சொல்லிவிடுங்கள். எங்கே, எப்போது பட்டது என்ற கதையைச் சொல்லத் தேவையில்லை. உடம்பில் உலோகம் இருக்கிறது என்பது போதும்.

படத்தைப் பார்த்துத் திட்டமிட்டு, வெட்டுவதை இயந்திரத்திடம் கொடுக்கலாம் என்ற யோசனை புதிதல்ல. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பொறியியலாளர் பிரயன் டேவிஸும், சத்திரசிகிச்சை நிபுணர் ஜோன் விக்கமும் சேர்ந்து புரோபொட் என்ற இயந்திரத்தை உருவாக்கினார்கள். அல்ட்ராசவுண்ட் மூலம் சுரப்பியை அளந்து, எவ்வளவு வெட்டுவது என்று மருத்துவர் குறித்துக்கொடுக்க, இயந்திரம் வெட்டியது. 1991இல் அது ஒரு மனிதரில் பயன்பட்டது. மனித உடம்பிலிருந்து தானாகவே திசுவை அகற்றிய முதல் ரோபோ அதுதான் என்று கருதப்படுகிறது. நாம் பதுங்குகுழி வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. அந்த இயந்திரம் பரவலான பாவனைக்கு வரவில்லை. ஆனால் யோசனை நின்றுபோகவில்லை.

அதன் இன்றைய வடிவத்துக்கு அக்குவாப்ளேஷன் என்று பெயர். கலிபோர்னியாவைச் சேர்ந்த புரோசெப்ற் பயோரோபோட்டிக்ஸ் என்ற நிறுவனத்தின் தயாரிப்பு. மனிதரில் முதல் பரிசோதனைகளை நியூசிலாந்தில் பீற்றர் கில்லிங் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் செய்தார். 15 பேரின் முதல் முடிவுகள் 2016இல் வெளியாயின. 2017 டிசெம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. இங்கே கத்தியும் இல்லை, சூடான கம்பியும் இல்லை. வெட்டுவது தண்ணீர், அதாவது சாதாரண வெப்பநிலையில் உள்ள உப்புநீர். மிக வேகமாகப் பீய்ச்சப்படும் மெல்லிய நீர்த்தாரை சுரப்பித் திசுவைக் கரைத்தெடுக்கிறது. கொழும்பில் மோட்டார் சைக்கிள் கழுவும் இடத்தில் தண்ணீர் அடித்துச் சேறு எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வேகமும் நுணுக்கமும் பல மடங்கு வேறு என்றாலும் விடயம் அதேதான்.

நடப்பது இப்படி. நோயாளிக்கு மயக்கமருந்து, அல்லது முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கவைத்தல். மலவாசல் வழியாக அல்ட்ராசவுண்ட் கருவி ஒன்று, சலத்துவாரம் வழியாக நீர்த்தாரைக் குழாய் ஒன்று. இரண்டும் அசையாமல் தாங்கிகளில் பூட்டப்படும். திரையில் சுரப்பி இரண்டு விதமாகத் தெரியும்: குறுக்காக ஒரு படம், நெடுக்காக ஒரு படம். குறுக்குப் படத்தில் தாரை எந்தக் கோணம் வரை திரும்பலாம் என்று குறிக்கிறார்கள். நெடுக்குப் படத்தில் சலப்பைக் கழுத்திலிருந்து அந்த மேடு வரைக்கும், ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு ஆழம் போகலாம் என்று கோடு கீறுகிறார்கள். மேட்டை நெருங்கும்போது கோணம் ஒடுக்கப்பட்டு, நடுவில் உள்ள திசு தொடப்படாமல் விடப்படும். இரண்டு பக்கமும் மட்டும் வெட்டுப்படும். வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்ததுபோல் இருப்பதால் அந்தப் பெயரையே இதற்கு வைத்திருக்கிறார்கள். கோடு சரி என்று மருத்துவர் உறுதிசெய்து காலால் மிதிக்கும் வரை தாரை பாயாது. காலை எடுத்தால் நிற்கும். வெட்டுப்படுவது அதே திரையில் அந்தந்த நேரமே தெரியும்.

வெட்டுவதற்கு எடுத்த நேரம் சராசரியாக 4 நிமிடம். ரி.யூ.ஆர்.பி. முறையில் அதே வேலைக்கு 27 நிமிடம். இந்தக் கணக்கு 2018இல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்விலிருந்து வருகிறது. 30 முதல் 80 மில்லிலீற்றர் வரையான சுரப்பியுள்ள 181 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, யாருக்கு எந்த முறை என்று அவர்களுக்கே சொல்லாமல் நடத்தினார்கள். ஆனால் 4 நிமிடம் என்ற இலக்கத்தில் மயங்க வேண்டாம். கருவிகளைப் பொருத்துவது, படம் எடுப்பது, கோடு கீறுவது, பிறகு இரத்தத்தைக் கட்டுப்படுத்துவது எல்லாம் சேர்த்தால் இரண்டு முறைக்கும் மொத்த நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். சலப் போக்கு சீரானதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் தெரிந்த இடம் வேறு. விந்து வராமல் போனவர்கள் ரி.யூ.ஆர்.பி. பக்கம் 100க்கு 36, இந்தப் பக்கம் 100க்கு 10.

இதை வாசித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். மற்றப் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது இயந்திரத்தைச் செய்த நிறுவனமே. அடுத்ததாக, 80 முதல் 150 மில்லிலீற்றர் வரையான பெரிய சுரப்பியுள்ள 101 பேரில் செய்த ஆய்வில், பத்தில் ஒருவருக்கு என்ற அளவில் இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. சூடு இல்லாமல் வெட்டுவதால் இரத்தக் குழாய்கள் பொசுங்கி மூடுவதில்லை. இப்போது வெட்டி முடிந்ததும் சலப்பைக் கழுத்தில் இரத்தம் கசியும் இடங்களை மின்சூட்டால் அடைக்கிறார்கள். அதன் பின்னர் இரத்தம் ஏற்றும் தேவை நன்றாகக் குறைந்திருக்கிறது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கு இது சின்ன விடயம் அல்ல. மேலும், அகற்றிய திசு பெரும்பகுதி நீரில் சிதைந்து போய்விடும். ரி.யூ.ஆர்.பி.யில் எடுத்த துண்டுகளைப் பரிசோதனைக்கு அனுப்பிப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இங்கே அந்த வாய்ப்புக் குறைவு என்பதால் முன்கூட்டியே அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் வந்த இயந்திரத்தில் கோடு முழுவதையும் மருத்துவர் கையால் கீறினார். 2024இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த அடுத்த இயந்திரத்தில், செயற்கை நுண்ணறிவு மென்பொருள் அல்ட்ராசவுண்ட் படத்தைப் பார்த்துத் திட்டத்தை முன்மொழிகிறது. சுரப்பியின் எல்லை இது, சலப்பைக் கழுத்து இது, மேடு இது, ஆகவே இப்படி வெட்டலாம் என்று. மருத்துவர் அதை ஏற்கலாம், திருத்தலாம். முன்னர் நடந்த ஏராளமான சிகிச்சைகளின் படங்களைக் காட்டி, மனிதர் குறித்த எல்லைகளையும் காட்டிப் பழக்கினால், புதிய படத்தில் அந்த எல்லை எங்கே வரும் என்று மென்பொருள் கணிக்கிறது. ஓர் அனுபவசாலி பல வருடத்தில் கையில் சேர்த்த கணிப்பை நேற்றுப் பழகத் தொடங்கியவருக்கும் கொடுப்பது இதன் நன்மை. கைக்குக் கை மாறும் வித்தியாசம் குறையும். நிபுணர்கள் குறைந்த, இருப்பவர்களும் வெளிநாடு போய்க்கொண்டிருக்கும் நம்மைப் போன்ற நாட்டுக்கு இது சின்ன விடயம் இல்லை.

தவறும் இடங்களும் உண்டு. அல்ட்ராசவுண்ட் படம் மணல் தூவியதுபோல் புள்ளி புள்ளியாக இருக்கும். சுரப்பியின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் எல்லை மங்கல். அனுபவசாலிகள் இருவர் கீறினாலே அங்கே கோடுகள் விலகும். சுண்ணாம்புப் படிவு இருந்தால் அதற்குப் பின்னால் நிழல் விழும். ஷெல் துண்டு இருந்தால் முன்னர் சொன்ன குழப்பம். பழகாத படத்தைக் கண்டால் இந்த மென்பொருள்கள் தடுமாறும் என்பது துறையில் உள்ளவர்களே சொல்வது. அமெரிக்க ஆண்களின் படங்களில் பழகியது, கிபிர் அடியிலும் ஷெல்லடியிலும் தப்பிய ஓர் இடுப்பின் படத்தை எப்படி வாசிக்கும் என்பதை அதன் கையில் விட்டுவிட முடியாது. அதனால்தான் உறுதிசெய்யும் பொறுப்பும், காலால் மிதிக்கும் பொறுப்பும் மனிதரிடம் வைக்கப்பட்டிருக்கின்றன.

ஆனால் படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மென்பொருளுக்குத் தெரிய வழியில்லாத ஒன்று இருக்கிறது. மேட்டைச் சுற்றிய திசுவைக் கூடுதலாக விட்டால் விந்து காப்பாற்றப்படலாம். அதேவேளை சலத் தடை முழுதாகத் தீராமல் போகவோ, சில வருடத்தில் மீண்டும் வெட்டவோ நேரலாம். கூடுதலாக வெட்டினால் மறுதலை. எழுபத்தைந்து வயதில், பேரப்பிள்ளைகளோடு, இனி ரியூப் போடாமல் இருந்தால் போதும் என்பவருக்குக் கோடு ஓரிடத்தில் போகலாம். 56 வயதில் பிள்ளை வேண்டும் என்பவருக்கு அது வேறிடத்தில் போக வேண்டும். இரண்டு பேருடைய அல்ட்ராசவுண்ட் படமும் அச்சொட்டாக ஒரே மாதிரி இருக்கலாம். வாய் திறந்து கேட்டு, வாய் திறந்து சொன்னால்தான் அந்த வித்தியாசம் தெரியவரும்.

அதற்கு இயந்திரம்கூடத் தேவையில்லை. இது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. ரி.யூ.ஆர்.பி.யிலேயே மேட்டுக்கு மேலே சுமார் 1 சென்ரிமீற்றர் திசுவை விட்டுவிட்டு வெட்டும் முறை இருக்கிறது. எல்லோருக்கும் பொருந்தாது, விந்து தப்பும் என்று உத்தரவாதமும் இல்லை. ஆனால் "எனக்குப் பிள்ளை வேணும் டொக்டர்" என்று ஒருவர் சொன்னால் அது மேசைக்கு வரும் பேச்சு. ஒப்பரேஷனைத் தள்ளிப்போட்டு மருந்தோடு சமாளிப்பது, முன்கூட்டியே விந்தைச் சேமித்து வைப்பது என்பவையும் மேசைக்கு வரும். அண்ணையின் மேசைக்கு இவை எதுவும் வரவில்லை. காரணம் நான்.

ஏன் கேட்கவில்லை என்று அவரிடம் பிறகு கேட்டேன். "பெரிய டொக்டர், பின்னால எவ்வளவு சனம் நிக்குது, நான் என்னத்தைக் கேக்கிறது" என்றார். கொழும்பில் வேலையை முடித்துக்கொண்டு கெதியாக ஊர் போய்விட வேண்டும் என்ற அவசரம் நம்மவர்களிடம் இன்னும் இருக்கிறது. அதற்கு ஒரு சரித்திரமும் இருக்கிறது. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் மற்ற இடங்களுக்கும் அனுப்பினார்கள். சிகிச்சைக்காக வந்து தங்கியிருந்தவர்களும் அதில் இருந்தார்கள். மறுநாளே உயர்நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. ஆனாலும் "ஏன் வந்தாய், எப்ப போவாய்" என்ற கேள்வி விடுதிகளின் சுவர்களில் ஊறிவிட்டது. வந்த காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிப் பழகியவர்கள் டொக்டரிடமும் சுருக்கமாகத்தான் சொல்கிறார்கள். இப்போது யாழ். போதனா வைத்தியசாலையிலும் ரி.யூ.ஆர்.பி. செய்கிறார்கள். தமிழில் பேசித் தீர்மானிக்க முடியும் என்ற ஒரே காரணத்துக்காகவே, அவசரமில்லாதவர்கள் அங்கே முதலில் கேட்டுப் பார்ப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

எங்கே போனாலும் நம்மவர்கள் சொல்ல மறக்கக்கூடாத விடயங்கள் இரண்டு இருக்கின்றன. முள்ளந்தண்டிலோ இடுப்பிலோ காயம்பட்டவருக்குச் சலம் போகாததற்குக் காரணம் சுரப்பியாக இல்லாமல், சலப்பைக்குப் போகும் நரம்பாக இருக்கலாம். அப்படியானால் சுரப்பியை எவ்வளவு அழகாக வெட்டினாலும் பலனில்லை. சலப்பையின் அழுத்தத்தை அளக்கும் பரிசோதனையை முதலில் செய்ய வேண்டியிருக்கும். பழைய காயத்தால் சலக்குழாயில் தழும்பு விழுந்து ஒடுங்கியிருக்கவும் கூடும். மற்றது மருந்து. நித்திரை வராததற்கும் நரம்பு வலிக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கப்படும் அமிற்றிப்டிலின் குளிசை, சலப்பையின் சுருங்கும் சக்தியைக் குறைத்துச் சலத்தை அடைக்கவைக்கக்கூடியது. தடிமனுக்குக் கடையில் வாங்கும் சில குளிசைகளும் அப்படித்தான். யுத்தத்துக்குப் பிறகு வருடக்கணக்காக அந்தக் குளிசையை எடுப்பவர்கள், மனநல கிளினிக் கொப்பியை மறைத்துவைத்துவிட்டுச் சலப் பிரச்சினைக்கு மட்டும் காட்டுவதைக் கண்டிருக்கிறேன். கொப்பியைக் காட்டுங்கள். குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மொழிபெயர்க்கப் போகும் என்னைப் போன்றவர்களுக்கும் ஒன்று. உள்ளே போவதற்கு முன்னர் வெளியில் வைத்து, தனியாக, இரண்டு நிமிடம் பேசிவிடுங்கள். "அண்ணை, விந்து வராமல் போகலாம் எண்டு டொக்டர் சொல்லுவார், அது உங்களுக்குப் பரவாயில்லையோ?" என்று கேட்டுவிட்டால் போதும். விந்து என்பது தமிழ்ச் சொல்தான், அதைச் சொல்ல எனக்குத்தான் நா எழவில்லை.

தேத்தண்ணிக் கடையில் அண்ணைக்கு இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அவர் கோபிக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப இனி ஒண்டும் செய்யேலாதோ?" என்று கேட்டார். ஒன்று இருக்கிறது. பின்னோக்கிச் சலப்பைக்குள் போகும் விந்தணுக்களைச் சலத்திலிருந்து பிரித்தெடுத்து, கருத்தரிப்புச் சிகிச்சைக்குப் பயன்படுத்த முடியும். அதற்கு முன்னதாகச் சலத்தின் புளிப்பைக் குறைக்க மருந்து கொடுப்பார்கள். செலவு இருக்கிறது, பலிக்கும் என்ற நிச்சயம் இல்லை. வருகிற மாதம் அதற்கான நிபுணரிடம் நாள் எடுத்திருக்கிறோம். இந்த முறை மனைவியும் உள்ளே வருகிறார். கேட்க வேண்டிய கேள்விகளை மூன்று பேரும் சேர்ந்து ஒரு கொப்பியில் தமிழில் எழுதி வைத்திருக்கிறோம்.